பல்லீறு நோயும் பாதுகாப்பும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் பல் மருத்துவர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

குழந்தைகளின் இசை முடிந்து நாடகம் தொடங்குவதற்கு முன்னுள்ள இடைவேளையில் என்னைப் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். பல் வைத்தியனைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்ளுதல் மனித இயல்பு. ஆதலின் இந்த நேரத்திலாவது சபை அமைதியாக இருக்கும் என்று அவர் எண்ணினாரோ என்னவோ, அறியேன்.

நான் பேச எடுத்துக்கொண்டது பல்லைப் பற்றியன்று; பல்லைத் தாங்கி நிற்கும் ஈற்றைப் பற்றி. பல்லில் சொத்தை விழுந்தால் அது நம்மை இரவில் உறங்க விடாது; மறுநாளே மருத்துவரிடம் ஓட வைக்கும். ஈறு நோயோ வலியின்றி வந்து, வலியின்றி வளர்ந்து, பல் ஆடத் தொடங்கும்பொழுதுதான் தன் இருப்பை நமக்கு அறிவிக்கும். அதற்கு முன்பு அது தரும் அடையாளம் ஒன்றே ஒன்று. காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்பொழுது துப்பிய நீர் செந்நிறமாக இருக்கும். அதைக் கண்டவர் என்ன செய்கிறார்? "பிரஷ் குத்திவிட்டது" என்று சொல்லி, மறுநாள் முதல் அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுகிறார். லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடிக்குக் காத்து நிற்கும் வேளையிற்கூட இதைப்பற்றி என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கேட்டவர்களுள் பெரும்பாலோர் அவ்விதமே செய்து வந்தவர்கள். இரத்தம் வரும் இடம் நன்றாகத் துலக்கப்படாத இடம் என்பதே உண்மை. அதைத் துலக்காமல் விடுவது, எரிகின்ற அடுப்பில் மேலும் விறகை இடுவதற்கு ஒப்பாகும்.

இஃது எவ்வாறு நேர்கின்றது என்பதைச் சற்று விளக்குகிறேன். நாம் பல்லை எவ்வளவு தூய்மை செய்தாலும் சில மணி நேரத்திற்குள் அதன்மீது மெல்லிய பசை போன்ற படலம் ஒன்று படிகின்றது. அது கோடிக்கணக்கான நுண்கிருமிகள் கூடி வாழும் குடியிருப்பு. ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் அது தங்குமாயின், கிருமிகளை எதிர்க்க உடல் அவ்விடத்திற்கு இரத்தத்தை மிகுதியாக அனுப்புகின்றது. அதனால் ஈறு சிவந்து, வீங்கி, தொட்டால் கசிகின்றது. துலக்காமல் விட்ட படலத்தில் உமிழ்நீரிலுள்ள சுண்ணச்சத்து சேரச் சேர, சில நாட்களிலேயே அது கல்லாக இறுகத் தொடங்கும். இதனையே காரை என்கிறோம். கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தை நாவினால் தடவிப் பாருங்கள். அங்கே சொரசொரப்பாகத் தட்டுப்படுவது பெரும்பாலும் இந்தக் காரையே. உமிழ்நீர் சுரந்து வரும் வாயில் அதற்கு அருகில் இருப்பதால் அது முதலில் அங்கே படிகின்றது. காரை ஆகிவிட்ட பின்னர் எந்தப் பிரஷும், எந்தப் பற்பொடியும் அதை அகற்றா.

1965ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு ஆர்ஹஸ் நகரில் ஹரால்ட் லோ என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். நல்ல ஈறுகளையுடைய பன்னிருவரைப் பல் துலக்காமலே இருக்கச் செய்தார்கள். பத்து நாள் முதல் மூன்று வாரத்திற்குள் பன்னிருவர்க்கும் ஈறு அழன்றுவிட்டது. மீண்டும் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பழைய நிலை திரும்பிற்று. ஆகவே முதற்கட்டத்தில் இந்நோய் முற்றிலும் மீளக்கூடியது. இக்கட்டத்தைக் கடந்தால், பல்லுக்கும் ஈற்றுக்கும் இடையில் பை போன்ற பள்ளம் விழுந்து, கிருமிகள் உள்ளே இறங்கி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாக மீள்வதில்லை. இந்த இரண்டு நிலைகளுக்கும் உள்ள வேறுபாட்டை நீங்கள் மனத்தில் இருத்தினால் போதும். யான் பேச வந்த பயன் நிறைவேறிவிடும்.

அதே அறிஞர் 1970ஆம் ஆண்டு முதல் இலங்கையின் இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்தார். அவர்கள் தமிழர்கள். வெள்ளையர் ஆட்சியில் பிழைப்பு நாடிக் கடல் கடந்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்களுக்குப் பல் மருத்துவ வசதி என்பதே இல்லை. நாம் துலக்குவதுபோல் துலக்கும் வழக்கமும் இல்லை. 1986ஆம் ஆண்டில் வெளியான முடிவு இது: நூற்றுக்கு எட்டுப் பேருக்கு நோய் மிக விரைவாக முற்றியது, 81 பேருக்கு மெல்ல மெல்ல வளர்ந்தது, 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றுவிட்டது. அந்த எட்டுப் பேர் வகையினர்க்கு 20 வயதிலேயே பற்கள் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பற்களும், 40 வயதில் 20 பற்களும், 45 வயதில் எல்லாப் பற்களும் போய்விட்டன. "எங்கள் தாத்தா ஒரு நாளும் பிரஷ் பிடித்ததில்லை, எண்பது வயதிலும் முறுக்குக் கடித்தார்" என்று வாதிடுவோர் நம்மிடையே உண்டு. தாத்தா அந்தப் பதினொருவர் வகையினராய் இருந்திருக்கலாம். பேரன் எந்த வகையினன் என்பதைக் கண்ணாடி பார்த்து அறிய இயலாது.

இவ்விடத்தில் என் குடும்பத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். என் தந்தையார் அலுவலக வேலையாக இந்நகருக்கு வந்தவர். ஞாயிற்றுக்கிழமைதோறும் காலனிப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துக் கற்பித்தார். அவருக்கு நாற்பது வயதிலிருந்தே ஈறுகளில் இரத்தம் கசிந்தது. ஒருவரிடம் காட்டியதற்கு, "வயதானால் அப்படித்தான்" என்று கூறி, கொப்பளிக்கும் மருந்து ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார். மருந்து வாய்க்கு மணம் தந்தது. காரை இருந்த இடத்திலேயே இருந்தது. நான் பல் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த மூன்றாம் ஆண்டில், ஊர் பெயர் தெரியாத நோயாளிகளின் வாயையெல்லாம் விளக்கிட்டுப் பார்த்துக் குறிப்பெழுதினேன். வீட்டில் எதிரே அமர்ந்து உணவருந்தும் தந்தையின் வாயைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவரும் சொல்லவில்லை. அம்மா சாதத்தைக் குழைய வடிக்கத் தொடங்கியதையும், அப்பளம் அவர் இலையில் தொடாமல் கிடந்ததையும் கண்டேன். கண்டும் பொருள் உணரவில்லை. 52 வயதில் மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போயின. 'த' என்னும் எழுத்து நாக்கின் நுனி மேற்பல்லின் அடியைத் தொடப் பிறப்பது. பிள்ளைகளுக்குத் 'தமிழ்' என்று சொல்லிக் கொடுக்கும்பொழுது காற்று வெளியேறியது. ஒரு சிறுவன் சிரித்துவிட்டான். அதன்பின் அவர் வகுப்பெடுக்கவில்லை. கட்டுப்பல் வைத்த பிறகும் எடுக்கவில்லை. இதனைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆகவே வீட்டிலுள்ள மூத்தோரை நோக்குங்கள். தலையணை உறையில் காலையில் இரத்தக்கறை. நீங்காத வாய் நாற்றம். பற்கள் முன்னைவிட நீண்டு தோன்றுதல். முன்பற்களுக்கிடையே புதிதாக இடைவெளி. கடித்துண்ணும் பண்டங்களை மெல்லத் தவிர்த்தல். இவற்றுள் ஒன்று கண்டாலும் காட்டிவிடவேண்டும். புகை பிடிப்பவரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. புகையிலையிலுள்ள நஞ்சு இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் அவர்க்கு நோய் இருந்தும் இரத்தம் வராது. இரத்தம் இல்லையே என்று அவர் மகிழ்ந்திருக்க, எலும்பு உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

நாம் வாழும் இப்பகுதியில் ஜர்தா சேர்த்த பான் எளிதிற் பற்றும் பழக்கம். குடாகு என்னும் புகையிலைப் பசையை ஈறுகளில் தேய்ப்போரையும் காண்கிறோம். பல் துலக்கும் பசையிலும் பொடியிலும் புகையிலை சேர்ப்பதை அரசாங்கம் 1992ஆம் ஆண்டிலேயே தடை செய்துவிட்டது. ஈறு வலிக்கு நல்லது என்று பக்கத்து வீட்டார் கொடுத்தாலும் அதனைத் தொடாதீர்கள்.

சர்க்கரை நோயுள்ளவர்கள் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். சர்க்கரை கட்டுக்கடங்காவிடின் ஈறு கெடுகின்றது. ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகின்றது. ஈற்றுக்குச் சிகிச்சை செய்தபின் சர்க்கரையளவும் சற்றே தணிவதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. கருவுற்ற தாய்மார்க்கு ஈறு எளிதில் வீங்கும். அவர்கள் பல்லைச் சுத்தம் செய்துகொள்வதால் குழந்தைக்குத் தீங்கில்லை. வலிப்பு நோய்க்குக் கொடுக்கும் ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கும் நிஃபெடிபின், அம்லோடிபின் போன்றவற்றால் சிலர்க்கு ஈறு தடித்து வளர்வதுண்டு. அதற்காக மருந்தைத் தாமே நிறுத்திவிடலாகாது. கொடுத்த மருத்துவரிடம் சொல்லவேண்டும். இன்னொன்று: மழைக்காலத்தில் இங்கே டெங்குக் காய்ச்சல் பரவும். காய்ச்சல் கண்டவர்க்கு ஈறுகளில் இரத்தம் கசிந்தால், பல் மருத்துவரைத் தேடி அலையாமல் உடனே பொது ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். காய்ச்சல் தணிகிறதே என்று இருந்துவிடக்கூடாது.

சிகிச்சை யாதெனில், காரையை அகற்றுவதே முதல் வேலை. இங்கேதான் நம்மவரிடம் ஒரு பெரும் அச்சம் நிலவுகிறது. "சுத்தம் செய்தால் பல் ஆடிவிடும்" என்பர். இதை நான் கேளாத வாரம் இல்லை. அச்சத்திற்குக் காரணம் உண்டு. அதை மறைப்பது முறையன்று. எலும்பு கரைந்த பல்லைச் சில வேளைகளில் காரையே பக்கத்துப் பல்லோடு சேர்த்துச் சாந்து பூசினாற்போல் பிடித்திருக்கும். அதை நீக்கியதும் முன்னரே இருந்த ஆட்டம் வெளிப்படுகின்றது. காரை அடைத்திருந்த இடைவெளி தெரிகின்றது. வீக்கம் வடிவதால் பல்லின் வேர் சற்று வெளிப்பட்டுச் சில நாள் குளிர்ந்த நீர் கூசுகின்றது. இவற்றைக் கண்டு, கருவி பல்லைத் தேய்த்துவிட்டது என்று எண்ணுகிறார்கள். அதிர்வினால் காரையைப் பெயர்த்து, நீரால் கழுவும் கருவி அது; முறையாகக் கையாண்டால் பல்லுக்குக் கேடு இல்லை. பள்ளம் ஆழமாயிருந்தால் வேரின் மேற்பரப்பையும் சுத்தம் செய்வார்கள். அதிலும் அடங்காவிடின் ஈற்றை விலக்கிச் சிறு அறுவைச் சிகிச்சை உண்டு. மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவதாலோ, கிராம்புத் தைலம் தடவுவதாலோ காரை கரையாது. ஆஸ்பிரின் மாத்திரையை ஈற்றில் வைத்து வெந்து புண்ணாகி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இதற்குப் பெருஞ்செலவாகுமே என்று தயங்குவோர்க்கு ஒன்று சொல்வேன். டாக்டர் ரஃபியுதீன் அஹ்மத் அவர்கள் 1920ஆம் ஆண்டில் இந்நகரில் தொடங்கிய பல் மருத்துவக் கல்லூரியே இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. சியால்தாவுக்கு அருகில் அவர் பெயரையே தாங்கி அரசாங்கக் கல்லூரியாக அது இன்றும் நடைபெறுகின்றது. நாட்டிற்கே முன்னோடியான ஊரில் குடியிருந்துகொண்டு நடைபாதையில் பல் பிடுங்குபவரிடம் போகவேண்டியதில்லை.

வீட்டில் செய்யவேண்டியது அதிகமில்லை. மென்மையான தூரிகையை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, சிறு சிறு அசைவாக இரண்டு நிமிடம் துலக்குக. காலையைவிட இரவு துலக்குவது முக்கியம். உறக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். பற்களின் இடுக்குகளுக்கு அதற்கென விற்கும் நூலோ சிறு தூரிகையோ வேண்டும். குண்டூசியும் தீக்குச்சியும் வேண்டா. கரியும் செங்கல் தூளும் உப்பும் கொண்டு தேய்த்தால் பல் தேயுமேயன்றி ஈறு உறுதிப்படாது. ஆலும் வேலும் பற்றிய பழமொழியைச் சொல்லிச் சிலர் என்னை மடக்குவார்கள். (அதிலுள்ள வேல் வேப்பமரமன்று, வேலமரம். காலனியில் பாதிப்பேர் இதனை நம்ப மறுக்கிறார்கள்.) குச்சியை நன்றாக மென்று நார் நாராக்கி மெல்லத் துலக்கினால் தவறில்லை, பல்லிடுக்கிற்குள் மட்டும் அது புகாது. துலக்கத் தொடங்கிய முதற்சில நாள் இரத்தம் வரலாம். அஞ்சாமல் மென்மையாகத் தொடர்க. இரண்டு வாரத்திலும் நிற்காவிடின் காரை இருக்கிறது என்று பொருள், மருத்துவரிடம் செல்க. நோய் ஒருமுறை கண்டவர்கள் மூன்று முதல் ஆறு மாதத்திற்கு ஒருமுறை காட்டிக்கொள்வது நலம்.

நாடகக் குழுவினர் முகப்பூச்சுடன் திரைக்குப் பின்னால் காத்திருக்கின்றனர். அரசர் வேடம் புனைந்தவர் என்னை நோக்கி வாளை இருமுறை அசைத்துவிட்டார். நாடகம் முடிந்ததும், சாப்பாட்டுக் கூடத்தின் வாயிலில் ஒரு மேசை போட்டுக் கைவிளக்குடன் அமர்ந்திருப்பேன். கட்டணம் இல்லை. வீட்டுப் பெரியவர்களை அழைத்து வாருங்கள். தயிர்சாதத்திற்கு முன்னரே வந்தால் எனக்கு வேலை எளிது.