வேடமும் உண்மையும்

(கீழ்பென்னாத்தூர் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம்முடையது தெருக்கூத்துக்குப் பேர்போன சீமை. பாரதக் கூத்தில் பகலெல்லாம் ஏர் பிடித்தவர் இரவில் கிரீடம் தரித்து அரசனாகிறார். மீசை மழித்த ஆண்மகன் திரௌபதையாகிறார். கட்டியங்காரன் அரசனையே கேலி செய்கிறான், ஊரே சிரிக்கிறது. அந்த வேடத்தால் எவரும் ஏமாறுவதில்லை. விடிந்ததும் அரிதாரம் கலைந்துவிடும்.

விடிந்த பின்னும் கலையாத வேடங்கள் இரண்டு உண்டு. அவற்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலாவது, அச்சத்தால் பூணும் வேடம். 1917ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அண்ணல் அம்பேத்கர், தம் படிப்புக்கு உதவிய பரோடா அரசில் பணியாற்றச் சென்றார். அந்நகரில் தங்க அவருக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. இந்து விடுதிகள் தீண்டத்தகாதவரை ஏற்கமாட்டா. பார்சி விடுதியோ பார்சிகளுக்கு மட்டுமே உரியது. வேறு வழியின்றி, விடுதிக் காவலரின் இசைவோடு, பதிவேட்டில் ஒரு பார்சிப் பெயரை எழுதித் தங்கினார். பதினோராம் நாள் காலையில் தடியேந்திய பார்சிகள் பன்னிருவர் வந்து வளைத்துக்கொண்டனர். அன்று மாலைக்குள் வெளியேறுமாறு மிரட்டினர். அடைக்கலம் கேட்டு நண்பர்கள் இருவரை நாடினார். இருவரும் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தனர். பொதுப் பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு, இரவு இரயிலேறிப் பம்பாய்க்குத் திரும்பினார். பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னும் அக்காட்சியைக் கண்ணீரின்றி நினைக்க முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார்.

பின்னாளில் நாட்டின் அரசியல் சட்டத்தை வரைந்த அறிஞருக்கே தலைசாய்க்க ஒரு பொய்ப்பெயர் தேவைப்பட்டது. அந்தப் பொய்யின் பழி அவரைச் சேருமா? உண்மையைச் சொன்னவருக்குக் கதவடைத்த சமுதாயத்தையே சேரும்.

இரண்டாவது, பேராசையால் பூணும் வேடம். நம் பெயரைக் கேட்டால் வீடு தர மறுக்கும் இதே நாட்டில், நம் பெயரைத் திருடிப் பதவி பெறுவோரும் இருக்கிறார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் என்று பொய்ச் சான்றிதழ் பெற்று, கல்லூரி இடங்களையும் அரசுப் பணிகளையும் கைப்பற்றுகிறார்கள். இக்கேட்டினைக் கண்டே 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம், சான்றிதழ்களை ஆராயக் குழுக்கள் அமைக்குமாறு நெறிமுறைகள் வகுத்தது. 2017இல் மற்றொரு தீர்ப்பில், பல்லாண்டு பணியாற்றியிருந்தாலும் பொய்ச் சான்றிதழால் பெற்ற பயன் நிலைக்காது என்று உறுதிபடக் கூறியது.

தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பது நூற்றுக்கு 1, தாழ்த்தப்பட்டோருக்கு 18. அந்த ஒன்றிலும் ஒருவன் வேடமிட்டு நுழைந்தால், ஓர் ஏழைப் பிள்ளையின் வாழ்வே பறிபோகிறது. கொடுமை அத்துடன் முடிவதில்லை. பொய்யரைத் தடுக்க வைத்த கெடுபிடிகளில் மெய்யானவர்களே சிக்குகிறார்கள். நம் மாவட்டத்து இருளர் பிள்ளைகள் சான்றிதழுக்காக அலுவலகம் அலுவலகமாக அலைவதை நாம் அறிவோம். வேடதாரி கோட்டையில் அமர்ந்திருக்க, உண்மைக்குரியவன் வாயிலில் நிற்கிறான்!

இளைஞர்களே! இவ்விரு வேடங்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்காதீர்கள். நகரத்தில் வாடகை வீட்டுக்காகத் தன் சாதியை மறைத்த நம் பிள்ளையைக் கோழை என்று ஏசாதீர்கள். அவன் மறைக்க வேண்டாத நிலையை உருவாக்குங்கள். வெளியூரில் படிக்கப் போகும் மாணவனுக்கு நம்மவர் வீடு ஒன்று கதவு திறந்திருக்கட்டும். அண்ணலுக்கு அன்று கிடைக்காதது அந்த ஒரு கதவுதானே?

பொய்ச் சான்றிதழ் கண்ணில் பட்டால் வாய்வழி வதந்தி பரப்ப வேண்டாம். பள்ளிப் பதிவேடு, பூர்வீக ஊர் முதலிய சான்றுகளோடு மாவட்ட ஆட்சியருக்கு எழுதுங்கள். உங்கள் பிள்ளைகளின் சான்றிதழ்களை உரிய காலத்தில் பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். சான்றிதழுக்கு அலையும் இருளர் குடும்பத்துக்கு மனு எழுதிக் கொடுங்கள். உடன் சென்று நில்லுங்கள்.

இருபத்தைந்து ஆண்டுகளாக இச்சங்கம் கொடுத்துவரும் கல்வி, நம்மை வேறொருவராக மாற்றுவதற்கன்று. நாம் யாரோ அவராகவே தலைநிமிர்ந்து நிற்பதற்கு. வேடம் கூத்து மேடையில் இருக்கட்டும். வாழ்க்கையில் நம் சொந்தப் பெயரே விளங்கட்டும்.