எலியில் வென்ற மருந்து
(திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனுக்கு மூளைக் குருதிப்போக்கைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுள் சிலர் எண்ணலாம். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் ஓரிரவு ஒரு தாளைக் கொண்டுவந்து என்முன் வைத்தான். அவன் தந்தைக்கு மூளையுள் குருதிக்குழாய் வெடித்து, வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. புதிய மருந்தொன்றை ஆய்ந்து பார்க்கும் திட்டத்தில் அவரைச் சேர்க்க இசைவா என்று மருத்துவமனையார் கேட்டிருந்தனர். விடிவதற்குள் கையெழுத்து வேண்டும். தாள் தமிழெழுத்தில் இருந்தது, தமிழில் இல்லை. ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தால் கோத்து, ஈற்றில் ஓர் 'ஆகும்' ஒட்டியிருந்தனர். அதில் எனக்கு விளங்கிய ஒரே தொடர், அம்மருந்து விலங்குகளில் நற்பயன் தந்துள்ளது என்பதே. அதுவும் எனக்கு விளங்கவில்லை என்பதைப் பின்னர்ப் படித்தே அறிந்தேன். படித்ததை உங்கள்முன் வைக்கின்றேன்.

எலிக்கு மூளைக் குருதிப்போக்கை எவ்வாறு உண்டாக்குகின்றனர்? இரு வழிகள் பெருவழக்காயுள்ளன. ஒன்று, மயக்கமூட்டிய எலியின் உடலினின்றே சிறிது குருதியை எடுத்து, மண்டையோட்டில் நுண்துளையிட்டு, மூளையின் ஆழத்தில் மெல்லச் செலுத்துவது. மற்றொன்று, 1990-இல் அமெரிக்காவில் உரோசன்பர்க்கு என்பாரும் உடனாய்வாளரும் வெளியிட்ட முறை: குருதிக்குழாய்ச் சுவரைத் தாங்கிநிற்கும் புரதத்தைக் கரைக்கும் நொதியை மூளையுள் செலுத்துவது. சுவர் இளகிக் குழாய்கள் கசியும். முன்னதில் குருதி உண்டு. உடைந்த குழாய் இல்லை. பின்னதில் குழாய் உடைகின்றது. ஆனால் உடைத்தது நொதி. முப்பதாண்டுக் குருதியழுத்தத்தால் நைந்துபோன முதியவரின் குழாய் அன்று அது.

பின்னர் மருந்து கொடுக்கின்றனர். எலியைக் கண்ணாடி உருளையுள் விட்டு, அது எழுந்து நின்று சுவரைத் தொடும்போது எந்த முன்கால் எத்தனை முறை ஊன்றுகின்றது என்று எண்ணுகின்றனர். விழுந்த கால் ஊன்றத் தொடங்கினால் மருந்து பயன் தந்தது என்பர். இறுதியில் எலியைக் கொன்று, மூளையை எடுத்து வீக்கத்தை அளப்பர். எலிதானே என்று கடந்துபோக என்னால் இயலவில்லை. எந்த எலிக்கு மருந்து, எதற்கு வெறுநீர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்யாமலும், எண்ணுவோர்க்கு அதனை மறைக்காமலும் நடத்திய ஆய்வில் அவ்வுயிர் வீணே போயிற்று என்பேன்.

இனி இரும்பைப் பற்றிய செய்தி. மூளையுள் தேங்கிய குருதியின் செவ்வணுக்கள் சில நாள்களில் உடைய, அவற்றுள்ளிருந்த இரும்பு வெளிப்பட்டுச் சுற்றியுள்ள நரம்பணுக்களைக் கெடுக்கின்றது. ஆயின் இரும்பைப் பற்றி வெளியேற்றும் மருந்தைத் தந்தால் என்ன? தெபெராக்சமின் என்னும் அம்மருந்து, அடிக்கடி குருதி ஏற்றப்பெற்று உடலில் இரும்பு மிகுந்தவர்க்கு முன்னரே தரப்பட்டு வந்ததுதான். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் குருதி செலுத்திய எலிகளுக்கு அதனைக் கொடுத்தனர். வீக்கம் குறைந்தது, கால் ஊன்றியது. பன்றிகளிலும் நன்மை கண்டனர். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தாரோ, நொதியால் கசிவுற்ற எலிகளில் அதனால் பயனில்லை என்று 2010-இல் வெளியிட்டனர். மருந்தும் ஒன்றே, உயிரினமும் ஒன்றே. குருதி வந்த வழிதான் வேறு.

மாந்தர்க்கு மிகுந்த அளவில் தந்த ஆய்வு, நுரையீரல் கெட்டு மூச்சுத் திணறியோர் மிகுந்ததால் 2013-இல் நிறுத்தப்பட்டது. அளவைக் குறைத்து, 290-க்கு மேற்பட்ட நோயர்களிடம் மீண்டும் ஆய்ந்தனர். 2019-இல் முடிவு வெளிவந்தது. 90 நாள் கழித்துத் தம் வேலையைத் தாமே பார்க்கும் நிலை எய்தியோர், மருந்து பெற்றவருள் 34 விழுக்காடு. வெறுநீர் பெற்றவருள் 33 விழுக்காடு!

எலியின் மூளை ஏறத்தாழ 2 கிராம், நம்முடையது 1,400. நம் மூளையில் பாதியளவு நரம்பிழைகள் ஓடும் வெண்பகுதி. எலிக்கு அது மிகச் சிறிது. ஆய்வெலி பெரும்பாலும் இளையது, நோயற்றது, ஆண். நம் நோயரோ அகவை முதிர்ந்தவர்.

விலங்காய்வே வீண் என்று நான் சொல்லவில்லை. மூளையைச் சூழ்ந்த உறைக்கடியில் குருதி கசிவது வேறொரு வகை நோய். அதற்கு நிமோதிப்பின் என்னும் மருந்தை 1989-இல் பிரித்தானியாவில் 554 பேரிடம் ஆய்ந்தனர். மூளையின் ஒருபகுதி குருதியின்றி மடிவது 33 விழுக்காட்டினின்று 22 ஆகக் குறைந்தது. இன்றும் அது வழங்குகின்றது. குழாய்ச் சுருக்கத்தைத் தடுக்கும் என்று கருதியே அதனைத் தேர்ந்தனர்; மாந்தரில் அச்சுருக்கம் பெரிதும் குறையாமலே நன்மை விளைந்தது. எலி வென்றால் நாமும் வெல்வோம் என்பதுமில்லை. வென்றாலும், எண்ணிய வழியில் வெல்வோம் என்பதுமில்லை.

இத்தனையும் அந்த ஒரு தொடருக்குள் இருந்தன. நோயர்க்கு விளங்கும் மொழியில், துறைச்சொல் நெருடலின்றிச் சொல்லியே இசைவு பெறவேண்டும் என்று இந்திய அரசின் 2019-ஆம் ஆண்டு விதிகளே கூறுகின்றன. தமிழில் மருத்துவம் சொல்ல இயலாது என்பார்க்கு ஒன்று சொல்வேன். அமெரிக்க மருத்துவர் கிறீன், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார்.

மாணவனின் தாயார் அன்றிரவே இசைவளித்தார். அது அவர் உரிமை. பிழையென்று நான் சொல்லேன். தந்தை இப்போது கோலூன்றி நடக்கின்றார். அவர் பெற்றது மருந்தா வெறுநீரா என்பது எங்களுக்குத் தெரியாது.

அத்தாளின் அவ்விடத்தில் இடுவதற்கு நான் எழுதியது இது: "இம்மருந்து, நலமுள்ள இளம் எலிகளின் மூளையில் ஆய்வாளர் உண்டாக்கிய குருதிப்போக்கில் வீக்கத்தைக் குறைத்தது. மக்களுக்கும் அவ்வாறு பயன் தருமா என்பது இன்னும் தெரியாது. அதை அறியவே உங்கள் இசைவைக் கேட்கின்றோம். மறுத்தாலும் உங்களுக்குரிய பண்டுவம் குறையாது." மருத்துவமனையார்க்கு அதனை அனுப்பியுள்ளேன். மறுமொழி இன்னும் வரவில்லை.