எம்.ஃபில். போன பிறகு
(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவு, சாகுபுரம்)

முன்வரிசையில் இருக்கும் தம்பி, தங்கைகளே, பேச்சு உங்களைப் பற்றியது. வேலை சொல்லப்போவது பின்னால் நிற்கும் ஆய்வு மாணவர்களுக்கு.

1907இல் பண்டிதர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழைக் கல்விப்புலம் பல பத்தாண்டுகள் கண்டுகொள்ளவில்லை. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' நமக்குப் பக்கத்துப் பாளையங்கோட்டையில், தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து வெளிவந்தது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்த இதழ்களைப் பாதுகாத்து வைத்திருக்காவிட்டால் தொகுக்க என்ன இருந்திருக்கும்? "ஆய்வெல்லாம் நமக்கு எதுக்குண்ணே" என்று கேட்கும் தங்கையிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். 1916இல் கொலம்பியாவில் சாதி பற்றிய கட்டுரையை வாசித்தபோது அம்பேத்கருக்கு வயது 25. அது ஒரு மாணவர் கருத்தரங்கில் வாசித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம்மில் பலருக்கு ஆய்வு என்றால் என்னவென்று பிடிபட்ட இடம் எம்.ஃபில்.தான். சின்னதாக ஒரு ஆய்வேடு எழுதிப் பார்த்த தைரியத்தில் பிஎச்.டி.க்குப் போனோம். 2022 நவம்பரில் வந்த யூஜிசி விதிகள் அந்தப் படிப்பையே நிறுத்திவிட்டன. வீட்டில் ஒரு பேராசிரியர் இருந்தால் அந்த இடைவெளியைத் தாண்டிவிடலாம். விடியுமுன் உப்பளத்துக்குப் போகும் தாயின் மகளுக்கு யார் சொல்வது? எஸ்.சி. மாணவர்களுக்கென்று தேசிய ஆய்வு உதவித்தொகை இருப்பதே பி.ஏ. முடிக்கும் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஊக்கமூட்டும் பேச்சு வேண்டாம் தோழர்களே, கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்துவிட்டது. உங்கள் அத்தியாயத்தை நெறியாளர் திருத்திய சிவப்பு மையோடு காட்டுங்கள். பிறகு உப்பளத்துக்குக் கூட்டிப் போங்கள். பாத்தியில் உப்பு வாரும் அக்கா தன் வேலைக்குச் சொல்லும் சொற்களை எழுதட்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலத்தில் அங்கே வேலை இருக்காது. அதற்காக அரசு 5,000 ரூபாய் அறிவித்தது. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை, நலவாரியத்தில் யார் பெயர் இல்லை, ஏன் இல்லை? இருபது வீடு ஏறி இறங்கி எழுதினால் அது ஆய்வுதான். எழுதியதை அந்த அக்காவுக்கே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த நெறியாளரையும்விட நன்றாகத் திருத்துவார்.

அச்சுக்குப் போகும்போது தங்கையின் பெயரை முதலில் போடுங்கள். உங்கள் பெயர் இரண்டாவதாக இருக்கட்டும்.