பச்சைப் பரணியின் கதை



காஞ்சிரங்குளம் பக்கத்து வீடுகளில் உப்புமாங்காய் போட்டு வைக்கப் பரணி உண்டு. அதைச் சீனப் பரணி என்பார்கள். ஏன் அந்தப் பெயர்? சீன நாட்டுப் பரணிகள் அந்தக் காலத்தில் கப்பலேறி வந்தன. அதனால் வந்த பெயர் அது.

மண்பானையில் தண்ணீர் கசியும். பரணியில் கசியாது. காரணம், அதன் மேல் உள்ள கண்ணாடி போன்ற பூச்சு.

சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே சீனக் குயவர்கள் இதில் தேர்ந்திருந்தார்கள். விறகுச் சாம்பலையும் களிமண்ணையும் தண்ணீரில் கரைத்துப் பாத்திரத்தின் மேல் பூசினார்கள். சூளையில் 1,200 டிகிரி அளவுக்குச் சூடு ஏற்றினார்கள். பூச்சு உருகிக் கண்ணாடி ஆனது. அதில் சிறிது இரும்பு இருந்தது. சூளைக்குள் காற்றைக் குறைத்தால் நிறம் பச்சை. காற்று கூடினால் மஞ்சள் அல்லது பழுப்பு.

பரணியின் வடிவம் காலத்துக்குக் காலம் மாறியது. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் இறந்தவரோடு பரணியைப் புதைத்தார்கள். அதன் மேல் சிறு வீடு, பறவை, மனிதர் உருவங்களைச் செய்து வைத்தார்கள். பிறகு புத்த சமயம் பரவியது. பரணியைச் சுற்றித் தாமரை இதழ்கள் வந்தன.

அடுத்து கடல் வாணிபம் பெருகியது. பெரிய, உறுதியான பரணிகள் தேவைப்பட்டன. அலங்காரம் குறைந்தது. மூடியைக் கட்டத் தோளில் சிறு காதுகள் வைத்தார்கள். 1998-ல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவருகே, சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பல் ஒன்று கிடைத்தது. அதில் இருந்த பச்சைப் பரணிகளுக்குள் கிண்ணங்களை அடுக்கி வைத்திருந்தார்கள்.

சீனப் பாத்திரங்கள் நம் கரைக்கும் வந்தன. ராமநாதபுரம் மாவட்டம் பெரியபட்டினத்தில் 1987-ல் அகழாய்வு நடந்தது. அங்கே பச்சைப் பூச்சுள்ள சீன ஓடுகள் கிடைத்தன. அவை சுமார் 700 ஆண்டுகள் பழமையானவை. கொல்லம் துறைமுகத்தில் 2014-ல் மண்ணை வாரியபோது சீனக் காசுகளும் ஓடுகளும் கிடைத்தன.

ஓட்டின் நிறமும் வடிவமும் அதன் காலத்தைச் சொல்லும். கிடைத்த இடம், கப்பல் வந்த வழியைச் சொல்லும். இடம் தெரியாத ஓடு பாதி ஊமை.

கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது இப்படி ஓடு கிடைத்தால் வீசி விடாதீர்கள். தோண்டுவதை நிறுத்துங்கள். இடம், ஆழம், நாள் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். இப்போது எழுதத் தெரியுமே! பஞ்சாயத்துக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவியுங்கள். நீங்கள் எழுதும் மூன்று வரி, ஊரின் சரித்திரத்துக்குச் சான்றாகும்.