மலையேறும் மகிழுந்தும் எண்ணெய்த் தணிப்பியும்

(உரையின் எழுத்து வடிவம்)



சேலம் நகரம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடோ 1,500 மீட்டரையும் தாண்டியது. இடையே இருபது கொண்டையூசி வளைவுகள். நால்வர் அமர்ந்த ஒரு மகிழுந்து, தன் எடையையும் அவர்தம் எடையையும் ஒரு மணி நேரத்திற்குள் 1,200 மீட்டருக்கு மேல் தூக்கிவிடுகிறது. அத்துணை உழைப்பையும் தாழ்ந்த பல்லிணையில், குறைந்த விரைவில், எதிர்க்காற்று மிகுதியாகக் கிடையாத நிலையில் அது செய்தாக வேண்டும். தலைச்சோலையில் வீட்டு வாயிலில் வந்து நிற்கும் ஊர்தியின் முன்மூடியைத் தொட்டுப் பார்ப்பவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

1958 முதல் 2014 வரை உருவாக்கப்பெற்ற அம்பாசிடர் மகிழுந்தின் பழைய வடிவங்களில் எண்ணெயைத் தணிப்பதற்கெனத் தனியுறுப்பு இருந்ததில்லை. வளைவோரம் நிறுத்தி, மூடியைத் திறந்து, தகரக் குவளையால் நீர் வார்த்து, ஆறியபின் ஏறுவதே அன்றைய வழக்கம். இற்றைப் பொறிகள் உருவிற் சிறியன, ஆற்றலிற் பெரியன. ஆகலின் அவற்றின் எண்ணெய்க்குச் சுமை கூடிவிட்டது.

பொறியெண்ணெய்க்குத் தொழில் இரண்டு. உராயும் மாழைகளுக்கு இடையே மென்படலமாய் நின்று தேய்வைத் தடுத்தல் ஒன்று. நீர் சென்று சேரமாட்டாத இடங்களாகிய தண்டின் தாங்கிகள், பிசுட்டன் எனப்படும் உந்துதண்டின் அடிப்புறம், டர்போ எனப்படும் காற்றுச் சுழலியின் அச்சு ஆகியவற்றினின்று வெப்பத்தை வாங்கி வருதல் மற்றொன்று. 100 பாகை வெப்பத்தில் செவ்வனே பணிசெய்யும் எண்ணெய், 130 பாகையைத் தாண்டி நெடுநேரம் நின்றால் நீர்த்து வலுவிழந்து விரைவிற் கெடும். அங்ஙனம் கெடாவண்ணம் காப்பதே, பணிமனையார் 'ஆயில் கூலர்' என வழங்கும் எண்ணெய்த் தணிப்பி.

இன்றைய மகிழுந்துகள் பலவற்றில் அஃது உள்ளங்கையளவான ஒரு சிறு பெட்டி. உள்ளே மென்தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். தகட்டின் ஒருபுறம் எண்ணெய் ஓடும். மறுபுறம் நீர் ஓடும். ஒன்றையொன்று தொடாமலே வெப்பத்தை மாற்றிக்கொள்ளும். மார்கழி விடியலில், பனி மூடிய மலைமேல் பொறியை இயக்கும்போதோ இத்தொழில் தலைகீழாகிறது. நீரே முதலில் சூடேறுவதால், அது குளிர்ந்து தடித்த எண்ணெயை வெதுவெதுப்பாக்குகிறது. எனவே 'தணிப்பி' என்னும் பெயர் அதன் பாதித் தொழிலையே சொல்கிறது. 'எண்ணெய் வெப்பமாற்றி' என்பதே முழுமையாகப் பொருந்தும். இராசாசியும் அவர்தம் நண்பரும் இதே சேலத்தில் 1916-ஆம் ஆண்டிலேயே அறிவியற் சொல்லாக்கத்திற்கெனக் கழகம் கண்டனர். அவர்கள் ஆக்கிய சொற்களில் வடமொழி மிகுந்தமை வேறு செய்தி. ஆங்கிலச் சொல்லைப் பார்த்துப் பெயரிடுதல் எளிது. தொழிலைப் பார்த்துப் பெயரிடுதலே சொல்லாக்கம்.

செருமானியரின் வோக்சுவாகன் 'வண்டு' மகிழுந்து நீரே இல்லாமல் காற்றால் தணியும் பொறியுடையது. அதன் எண்ணெய்த் தணிப்பி காற்றுக்கூண்டின் உள்ளேயே நின்று, மூன்றாம் உருளைக்குச் செல்ல வேண்டிய காற்றை மறித்தது. அவ்வுருளை ஏனையவற்றினும் மிகுதியாகச் சுட்டது. 1971-ஆம் ஆண்டு வடிவில்தான் தணிப்பியை ஒதுக்கி வைத்து அக்குறையைப் போக்கினர். உலகறிந்த பொறிஞர்க்கே இவ்வுறுப்பு அத்துணைத் தொல்லை தந்தது!

இனி, பழுதுக்கு வருவோம்.

தகட்டில் ஊசித்துளையளவு ஓட்டை விழுந்தால் போதும். ஓடும் பொறியில் எண்ணெயின் அழுத்தம் நீரின் அழுத்தத்தைவிட மிகுதி. ஆகவே எண்ணெய் நீருக்குள் புகும். நீர்த்தொட்டியின் மூடியைத் திறந்தால் பால்விட்ட குளம்பி போன்ற குழம்பு காணப்படும். பொறியை நிறுத்தியபின் எண்ணெயின் அழுத்தம் விழுந்துவிடும். சூடான நீரின் அழுத்தமோ நின்று நிலவும். அப்போது நீர் எண்ணெய்க்குள் புகும். நீர் கலந்த எண்ணெய் தாங்கிகளைத் தின்றுவிடும். இந்நிலையில் 'மெல்ல ஓட்டிக் கீழே சேலம் போய்விடலாம்' என்று எண்ணுவோர், சிறு பெட்டியின் விலையோடு முடிய வேண்டிய செலவைப் பொறியின் விலைக்கு உயர்த்திக்கொள்கின்றனர்.

இக்குழம்பைக் கண்டவுடனே, 'பொறித்தலைக்குக் கீழுள்ள கேசுகட்டு போய்விட்டது. தலையைக் கழற்ற வேண்டும்' என்று தீர்ப்புரைப்பார் உளர். பொறுமின்! அவ்வடைதகடு பழுதானால் பெரும்பாலும் நீர்த்தொட்டியில் புகைக்காற்றின் குமிழிகள் எழும். பின்குழாயில் வெண்புகை நீங்காது வரும். பொறி சீராக ஓடாது. இவை எவையும் இன்றி எண்ணெய் மட்டும் நீரில் மிதந்தால் முதற்கண் ஐயுற வேண்டுவது தணிப்பியையே. ஐயத்தை மெய்ப்பிக்கப் பெருங்கருவி வேண்டா. கழற்றிய தணிப்பியின் ஒரு வழியை அடைத்து, மறுவழியில் மெல்லக் காற்றேற்றி, நீர்த்தொட்டியில் அமிழ்த்துக. மிதிவண்டிக் குழாயின் துளையைத் தெருக்கடைக்காரர் கண்டறியும் அதே முறைதான். குமிழி வந்தால் முடிவு தெளிவு.

மாற்றும் பணியை வீட்டிலேயே செய்யலாம். மட்டமான தரையில் நிறுத்தி, உருளைகளுக்குக் கல் முட்டுக் கொடுத்து, பொறி முற்றும் ஆறும்வரை காத்திருத்தல் வேண்டும். சுடும்போது நீர்மூடியைத் திறப்பவர் முகம் வெந்துபோகும். தூக்கியை மட்டும் நம்பி ஊர்தியின் கீழ்ப் படுத்தல் உயிர்க்கேடு. உறுதியான தாங்கிகள் வேண்டும். நீரையும் எண்ணெயையும் தனித்தனிக் கலங்களில் வடித்துவிட்டுத் தணிப்பியைக் கழற்றுக. பொருந்தும் முகங்களைக் கீறாமல் துடைத்து, புதிய அடைதகடுகளையும் தொய்வ வளையங்களையும் எண்ணெய் தடவி இடுக. பழைய வளையத்தை மீண்டும் இடுவது கைக்காசை மிச்சப்படுத்தி நெஞ்சக் கவலையை வாங்குவது. திருகாணிகளைக் குறுக்கும் மறுக்குமாக, சிறிது சிறிதாக, கையேடு கூறும் அளவுக்கே முறுக்குக. அலுமினியத்தில் மரை அறுந்தால் அழவேண்டியதுதான்.

பலர் இவ்விடத்தில் பணி முடிந்ததென்று கையைக் கழுவுகின்றனர். உண்மையில் கடினமான பாதி இனிமேல்தான். நீர்வழிகள் எங்கும் எண்ணெய்ப்பசை படிந்திருக்கும். அதற்கெனவுள்ள கழுவுநீர்மம் கலந்து, பொறியைச் சூடேறவிட்டு, ஆறவிட்டு, வடித்து, தெளிந்த நீர் வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவுதல் வேண்டும். எண்ணெயில் ஊறிப் பருத்த தொய்வக் குழாய்களையும் மாற்றுதல் நன்று.

தணிப்பி ஏன் துளைபடுகிறது? பெரும்பாலும் நீரால். ஏற்காட்டு மலையடியில் வெள்ளைக்கல் எனப்படும் மேக்னசைட்டு படிந்த குன்றுகள் உள்ளமை யாவரும் அறிவர். ஆழ்துளைக் கிணற்றின் கடுநீரை ஊற்றினால் உப்புப் படியும், மாழை அரிக்கும். இம்மலைமுகடுகளில் வெட்டிய பாக்சைட்டு ஒரு காலத்தில் மேட்டூருக்குச் சென்று அலுமினியமாயிற்று. மலை தந்த அம்மாழையை மலையடி நீரே அரிப்பது நகைப்புக்குரிய முரண்தான்! வாலைவடிநீரில் உரிய அளவு கூலண்டு கலந்து, கையேடு கூறும் காலத்தில் மாற்றுவதே தடுப்பு. வேறுவேறு வகைக் கூலண்டுகளைக் கலவற்க.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட கோவை கோ. து. நாயுடு, வெள்ளைய அலுவலர் ஒருவரிடமிருந்து வாங்கிய உந்துருளியைப் பிரித்துப் பிரித்துக் கோத்தே பொறி பயின்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். அவர்க்குக் கற்பித்தவை கண்ணும் கையுமே.

வடித்த நீர்மங்களைப் பற்றி ஒரு சொல். கூலண்டு இனிக்கும் நஞ்சு. திறந்து வைத்தால் நாயும் ஆடும் நக்கி மடியும். பழைய எண்ணெயைக் குளம்பித் தோட்டத்திலோ ஓடையிலோ ஊற்றுதல் கூடாது. மூடிய கலத்தில் அடைத்துக் கழிவெண்ணெய் வாங்குவாரிடம் சேர்க்க வேண்டும். பணி முடித்து ஒரு கிழமை ஓட்டியபின், காலையில் பொறி ஆறியிருக்கும்போது நீர்த்தொட்டியைத் திறந்து பார்க்க. மீண்டும் குழம்பு படர்ந்திருந்தால் மறுமுறை கழுவுக. எண்ணெய் அளவுகோலில் வெண்ணுரை தென்பட்டால் எண்ணெயையும் வடிப்பியையும் உடனே மாற்றுக.