ஓசூருக்குக் குடிபோகும் முன்

(ஜோகுபாளையத்தில் நடந்த உறுப்பினர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்றைக்கு நம் தெருக்களில் எந்த வாசற்படியில் உட்கார்ந்தாலும் ஒரே பேச்சுத்தான். "ஓசூருக்கே போய்விடலாமா?" இங்கே வாடகை ஏறிக்கொண்டே போகிறது. அட்வான்ஸ் என்று பத்து மாத வாடகையை முன்கூட்டியே எண்ணிவைக்கச் சொல்கிறார்கள். அங்கே வேலை இருக்கிறதாம், மனை கிடைக்கிறதாம், பிள்ளைகள் தமிழ் படிக்கலாமாம். தரகர்களும் நம் சந்துக்குள் வந்துவிட்டார்கள். ஆகவே நாம் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம் வந்திருக்கிறது.

நாற்பது கிலோமீட்டரில் இருந்தும் ஓசூர் நமக்கு நெடுநாள் தூரத்து ஊராகவே இருந்தது. 1864-ல் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மென்டுக்கு ரயில் வந்தபோது அது குப்பம், பங்காருபேட்டை வழியாக வந்தது. நம் பாட்டன்மார் பலர் வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சுடன் வந்து இறங்கியது அந்தப் பாதையில்தான். ஓசூருக்கு மொரப்பூர், தருமபுரி வழியாக ஒரு குறுகிய பாதை இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அதையும் மூடிவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகுதான் சேலம் – பெங்களூர் மீட்டர் கேஜ் வந்தது. அது அகலப்பாதை ஆனது தொண்ணூறுகளில்.

அப்படிப்பட்ட தாலுகா ஊரைத் தொழில் நகரமாக்கியது எது? பின்தங்கிய மாவட்டம் என்று அறிவிக்கப்பட்டிருந்த தருமபுரியில் தொழில் தொடங்குவோருக்குச் சலுகை கிடைத்தது. தமிழ்நாடு அரசின் சிப்காட் எழுபதுகளில் அங்கே நிலம் எடுத்துத் தொழிற்பேட்டை அமைத்தது. பெங்களூரின் எஞ்சினியரும் பட்டறையும் விமான நிலையமும் பக்கத்திலேயே இருந்தன. நிலமும் சலுகையும் தமிழ்நாட்டுடையது, வசதி பெங்களூருடையது. முதலாளிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1980-ஐ ஒட்டி அசோக் லேலண்ட் வந்தது, டி.வி.எஸ். மொபெட் வந்தது. டாட்டாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் 1984-ல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில்தான் கடிகாரம் செய்தது. அண்மை ஆண்டுகளில் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் கைப்பேசிப் பாகங்கள் செய்ய ஆயிரக்கணக்கான இளம்பெண்களைச் சேர்த்திருக்கிறது.

2001 கணக்கெடுப்பில் ஓசூரின் ஜனத்தொகை 84,394. 2011-ல் 1,16,821. சுற்றுப்புற ஊராட்சிகளைச் சேர்த்து, 2019-ல் மாநகராட்சி ஆக்கிவிட்டார்கள். இரண்டாயிரம் ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்திலேயே அறிவிப்பு வந்தது. பெங்களூர் விமான நிலையத்தோடு போட்ட ஒப்பந்தப்படி 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று வர முடியாது என்ற சிக்கல் இருக்கிறது. எனினும் அறிவிப்பு வந்தால் போதும், மனை விலைக்கு இறக்கை முளைத்துவிடும்! கேழ்வரகும் ரோஜாவும் விளைந்த நிலத்தில் கல் நட்டு விற்கிறார்கள்.

வேலையைப் பற்றிக் கேட்கிறீர்கள். வேலை இருக்கிறது. ஆனால் நிரந்தர வேலையா, காண்ட்ராக்ட் வேலையா? சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது, கம்பெனி பெயரா, ஆள் அனுப்பும் ஏஜென்சி பெயரா? பி.எஃப். கட்டுகிறார்களா? இதைக் கேட்காமல் வீட்டைக் காலி செய்யாதீர்கள். காண்ட்ராக்ட் முடிந்து நிற்கும்போது, இங்கே விட்டுப்போன வாடகைக்குத் திரும்ப வீடு கிடைக்காது.

இனி, தரகர் சொல்லாத விஷயத்துக்கு வருவோம். எல்லைக் கோட்டைத் தாண்டும்போது சாமான் மட்டும் தாண்டுவதில்லை. நம் காகிதங்களும் தாண்ட வேண்டும்.

ஒரு தாய் இங்கிருந்து ஓசூருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கர்நாடக அடையாள அட்டை இருந்தால் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டப்படி அத்திப்பள்ளி வரை சாதாரண அரசுப் பேருந்தில் காசில்லை. எல்லையைத் தாண்டி ஜூஜுவாடியில் தமிழ்நாட்டு டவுன் பஸ் ஏறினால், 2021-லிருந்து அங்கும் பெண்களுக்குக் காசில்லை. பயணத்துக்கு இது நன்று. குடிபோனால்? கர்நாடகம் 2023-ல் தொடங்கிய கிருகலட்சுமியில் மாதம் 2,000 ரூபாய். தமிழ்நாடு அதே ஆண்டு தொடங்கிய உரிமைத்தொகை 1,000 ரூபாய். அதற்கும் தமிழ்நாட்டு ரேஷன் அட்டை வேண்டும், விண்ணப்பம் தேற வேண்டும். இங்கே அட்டையை ஒப்படைத்து, அங்கே புது அட்டை கைக்கு வரும்வரை அந்தக் குடும்பம் எந்த அரசின் குடும்பம்?

பிள்ளைகளின் படிப்பும் அப்படியே. தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ்ப்பாடம் கட்டாயம். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், பள்ளியில் கன்னடம் எழுதுகிறார்கள். எட்டாம் வகுப்பில் ஒரு பெண்ணைக் கொண்டுபோய்ச் சேர்த்தால், இரண்டே ஆண்டில் அவள் தமிழ்த் தேர்வு எழுத வேண்டும். ஓசூரில் கன்னட, தெலுங்குப் பள்ளிகளும் உண்டு. ஊரே மும்மொழி ஊர். ஆனால் நாம் கேட்பதெல்லாம் இப்போதே, இங்கேயே பிள்ளைக்கு எழுத்தைச் சொல்லிக் கொடுங்கள் என்பதுதான்.

எல்லாவற்றிலும் பெரியது சாதிச் சான்றிதழ். அட்டவணைச் சாதிப் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. பிழைப்புக்காக வேறு மாநிலம் போனவர் அங்கே அந்த ஒதுக்கீட்டைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 1990-ல் சொன்னது, 2018-ல் இன்னொரு அமர்வும் சொன்னது. அடிப்படைத் தேதி, குடியரசுத் தலைவர் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10. அன்றைக்கு யாருடைய தாத்தா இங்கே நிலையாகக் குடியிருந்தாரோ அவர் பேரனுக்கு உரிமை கர்நாடகத்தில். அதற்குப் பின் வந்தவரின் பேரனுக்கு உரிமை தமிழ்நாட்டில். ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு வீடுகள், ஒரே சாதி, ஒரே வறுமை. ஒருவருக்கு ஓசூர் போவது உரிமையைத் தேடிப்போவது, மற்றவருக்கு அதுவே உரிமையை விட்டுப்போவது! தாத்தாவின் பள்ளிச் சான்று, வேலைச் சான்று, பழைய வரி ரசீது எதையும் குப்பையில் போடாதீர்கள். வெள்ளை அடிக்கும்போது எத்தனை வீட்டில் இவை போயிருக்கின்றன என்று எண்ணினால் வயிறு எரிகிறது.

அந்த ஊர்க்காரர்களின் நிலையையும் நினைக்க வேண்டும். நம் அல்சூர் ஏரி நிரம்பி வழிந்தால் பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர், பிறகு தென்பெண்ணை, பிறகு ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணை. பெங்களூரின் சாக்கடை அங்கே நுரையாய்ப் பொங்கி விவசாயியின் வயலுக்குப் போகிறது. அந்த மக்கள் நல்ல தண்ணீருக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கேட்டார்கள். 2008-ல் அதற்கு இங்கே எதிர்ப்புக் கிளம்பியபோது தமிழ்ப்படம் ஓடிய கொட்டகைகள் மூடிக்கிடந்தன. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரம் வந்தபோது பேருந்துகள் எல்லையில் நின்றுவிட, அத்திப்பள்ளிக்கும் ஜூஜுவாடிக்கும் இடையே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஜனங்கள் நடந்தார்கள். வீடு அந்தப் பக்கம், வேலை இந்தப் பக்கம் என்று இருப்பவர்களை முதலில் தாக்குவது அந்த நாட்கள்தான்.

குடும்பம் இங்கே, வேலை மட்டும் அங்கே என்றால் முடியாதா? முடியும், ரயில் இருந்தால். பையப்பனஹள்ளி, கார்மேலாரம், ஹீலலிகே, ஆனேக்கல் ரோடு, ஓசூர். பாதை நம் வீட்டருகே புறப்படுகிறது. ஓசூர் ஸ்டேஷன் நிற்பது தமிழ்நாட்டு மண்ணில், நிர்வாகம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூர் டிவிஷனில், தலைமையகம் ஹுப்பள்ளியில். ஆகவே சென்னைக்கு மனுப் போட்டுப் பயனில்லை. கேட்க வேண்டிய வாசல் இந்த ஊரிலேயே இருக்கிறது. கேட்க வேண்டியவர்கள் நாம். இரட்டைப் பாதை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்பார்கள். காலை முதல் ஷிப்டுக்குப் போய்ச்சேரவும், இரண்டாம் ஷிப்டு முடிந்து திரும்பவும் இரண்டு வண்டிகள், கோரிக்கை அவ்வளவுதான்.

மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்திடும்போது எந்த ஷிப்டு என்பதையும் எழுதுங்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை, போக நினைக்கும் குடும்பங்கள் ரேஷன் அட்டை, பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், பெரியவர்களின் பழைய காகிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வாருங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே உட்கார்ந்து பார்க்கிறோம். அதுவரை எந்தத் தரகருக்கும் முன்பணம் கொடுக்க வேண்டாம்.