எழுதுகோல் யார்மீது உயர்த்தப்பட்டது?

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரியது. அவனுடைய ஸலாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்கள்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் நிலவட்டுமாக!

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

ஒன்றும் அறியாத நிலையில் நம்மைத் தாயின் வயிற்றிலிருந்து வெளிப்படுத்தியவன் அல்லாஹ். செவியையும் பார்வையையும் சிந்தனையையும் தந்தவனும் அவனே. நம்மில் சிலரை, அறிந்திருந்ததையெல்லாம் அறியாமற் போகும் தள்ளாத பருவத்திற்கு அவன் திருப்புகிறான் என்பதை அந்நஹ்ல் அத்தியாயத்தின் 70ஆம் வசனமும் அல்ஹஜ் அத்தியாயத்தின் 5ஆம் வசனமும் உணர்த்துகின்றன. அந்நிலையிலிருந்து நபி (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. அத்தகைய சோதனையைச் சுமக்கும் பெற்றோர் இன்று நம் வீடுகளில் இருக்கின்றனர்.

டிமென்ஷியா எனப்படும் மறதிநோயுடன் 2021ஆம் ஆண்டில் உலகில் சுமார் 5 கோடியே 70 இலட்சம் பேர் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 7.4 விழுக்காட்டினர், அதாவது ஏறத்தாழ 88 இலட்சம் பேர் இந்நோயுடன் வாழ்வதாக 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது.

1906ஆம் ஆண்டு ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் கூடிய அவையில், அலாய்ஸ் அல்ஸைமர் என்னும் மருத்துவர் ஒரு பெண்மணியின் நிலையை எடுத்துரைத்தார். ஐம்பது வயதளவில் நினைவு தடுமாறி, குடும்பத்தார் மீதே சந்தேகம் கொண்டு, இறுதியில் அனைத்தையும் இழந்து இறந்தவர் அப்பெண்மணி. அவருடைய மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, உயிரணுக்களுக்கு வெளியே படிவுகளும் உள்ளே முறுக்கிய நார்களும் தென்பட்டன. அமிலாய்டு, டௌ என்னும் புரதங்களே அவை என்று பிற்காலத்தில் கண்டறியப்பட்டது. மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் அல்ஸைமர் நோய் இதுவே.

ஆகவே சகோதரர்களே, "வாப்பா வேண்டுமென்றே செய்கிறார்" என்று சொல்லாதீர்கள். "உம்மா மருமகள் மீது வீண்பழி சுமத்துகிறார்" என்று பிணங்காதீர்கள். பேசுவது பழைய வாப்பா அல்லர், பழைய உம்மா அல்லர், பேசுவது நோய்.

"வயதானால் அப்படித்தான்" என்று விட்டுவிடுவதும் தவறு. ஒருவருடைய பெயர் உடனே வராமல் சற்று நேரங்கழித்து நினைவுக்கு வருவது முதுமையின் இயல்பு. நாற்பது ஆண்டுகள் நடந்த பள்ளிவாசல் தெருவிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது இயல்பன்று. முதுமையைத் தவிர ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு. சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்பது நபிகளாரின் வழிகாட்டல். வைட்டமின் பி12 குறைவாலும், தைராய்டு கோளாறாலும், மனச்சோர்வாலும், சில மருந்துகளாலும் நினைவு தடுமாறலாம். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. ஓரிரு நாளில் திடீரெனக் குழப்பம் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஜின் பிடித்தது, செய்வினை என்று மாதக்கணக்கில் அலைந்துவிட்டு மருத்துவரிடம் செல்லும் நிலை மாற வேண்டும். துஆ செய்யுங்கள், சிகிச்சையும் செய்யுங்கள்.

இனி மார்க்கச் சட்டத்தைக் கவனியுங்கள். உறங்குபவர் விழிக்கும் வரை, குழந்தை பருவமடையும் வரை, சித்தம் இழந்தவர் தெளிவடையும் வரை ஆகிய மூவரைவிட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் உள்ளது. அறிவு தெளிவாக இருக்கும் காலமெல்லாம் தொழுகை கடமையே. ரக்அத் எண்ணிக்கை மறக்கும் பெரியவர் அருகில் பேரப்பிள்ளை இமாமாக நின்று தொழுவிக்கட்டும். அறிவு முற்றிலும் மங்கிவிட்டால் கடமையே இல்லை. லுஹர் தொழுத வாப்பா, "லுஹர் தொழுதேனா?" என்று ஐந்தாம் முறை கேட்டால், ஐந்தாம் முறையும் "தொழுதுவிட்டீர்கள் வாப்பா" என்று அன்புடன் சொல்லுங்கள். அவர்மீது உயர்த்தப்பட்ட எழுதுகோல் நம்மீது எழுதிக்கொண்டே இருக்கிறது என்பதை மறவாதீர்கள்!

நம்மீதுள்ள கடமைகள் மூன்று.

முதலாவது, நாவு. முதுமையடைந்த பெற்றோரிடம் "சீ" என்னும் சொல்லையும் தடுக்கிறது அல்இஸ்ரா அத்தியாயத்தின் 23ஆம் வசனம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கும்போதுதானே அச்சொல் நாவின் நுனிக்கு வருகிறது!

இரண்டாவது, அருகாமை. அதே வசனம், பெற்றோர் "உம்மிடத்தில்" முதுமையை அடைவதைப் பற்றிப் பேசுகிறது. வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பினால் கடமை முடிந்தது என எண்ணலாகாது. இரவும் பகலும் அவர்களைக் கவனிப்பது பெரும்பாலும் ஒரு மகளோ, ஒரு மருமகளோ மட்டுமே. அப்பெண்ணின் உறக்கத்திற்கும் உடல்நலத்திற்கும் பொறுப்பு யாருக்கு? சகோதரர்கள் முறைவைத்துக் கொள்ளுங்கள்.

மூன்றாவது, பொருள். இதைச் சொல்லவே இன்று மிம்பரில் ஏறினேன். நினைவிழந்த தாயின் பெருவிரலைப் பிடித்துப் பத்திரத்தில் வைத்து, "உம்மா எனக்கு எழுதிக் கொடுத்தார்" என்பவர்கள் நம் சமுதாயத்திலும் உண்டு. சித்தம் தெளிவில்லாதவர் செய்த விற்பனையும் ஹிபாவும் ஷரீஅத்தில் செல்லாது. பதிவு அலுவலகம் முத்திரையிட்டாலும் சகோதரியின் வாரிசுப் பங்கு அல்லாஹ்விடத்தில் சகோதரியுடையதே. விவரமற்றவரின் சொத்தைப் பேணி, அதிலிருந்தே அவருக்கு உணவும் உடையும் அளித்து, நல்ல சொல் சொல்லுமாறு அந்நிஸா அத்தியாயத்தின் 5ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அவர் சார்பில் பொறுப்பாளர் நீதியுடன் வாசகம் சொல்லி எழுதச் செய்ய வேண்டும் என்கிறது அல்பகராவின் 282ஆம் வசனம். எனவே பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே, பிள்ளைகள் அனைவர் முன்னிலையிலும், கடன்களையும் அமானிதங்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இளையோரே! 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைச் சீர்செய்தால் மறதிநோயில் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கூறியது. இரத்த அழுத்தம், சர்க்கரை, புகைப்பழக்கம், கெட்ட கொழுப்பு, செவித்திறன் குறைவு, பார்வைக் குறைவு, உடலுழைப்பின்மை, தனிமை ஆகியன அவற்றுள் அடங்கும். காது கேளாத பெரியவருக்குக் காதுக்கருவி வாங்கிக் கொடுங்கள். அவரைக் கைப்பிடித்து ஜமாஅத்துக்கு அழைத்து வாருங்கள். நடையும் கிடைக்கும், நாலு பேரின் ஸலாமும் கிடைக்கும்.

யா அல்லாஹ்! எங்கள் பெற்றோர் எங்கள் பெயரை மறந்தாலும், அவர்களுக்குச் செய்ய வேண்டியதை நாங்கள் மறவாதிருக்க அருள்வாயாக! தள்ளாத பருவத்தின் தீங்கிலிருந்து எங்களைக் காப்பாயாக! ஈமானுடன் எங்களை மரணிக்கச் செய்வாயாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.